கண்ணோரத்து மஞ்சள்

எங்கள் அப்பன் வீட்டு ஆட்களுக்குக் கண்ணோரத்தில் மஞ்சள் பூத்திருக்கும். மேல் இமையில், மூக்கை ஒட்டினாற்போல், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு. வலிக்காது, அரிக்காது. மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைத்துவிட்டுத் துடைக்க மறந்தது போல் இருக்கும். அப்பனுக்கு இருந்தது. என் தம்பி பழனிசாமிக்கு முப்பது வயதுக்குள் வந்துவிட்டது. எனக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது. காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் "மஞ்சக்கண்ணு ஊட்டுக்காரங்க" என்றாலே போதும், பஸ்காரர்கூட இறக்கிவிடுகிற இடத்தில் சரியாக இறக்கிவிடுவார்.

அந்த மஞ்சள் இருக்கிற வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள். என் மகன் சிவகுமாரின் கல்யாணத்தன்று எனக்கு முகத்துக்குப் பூச வந்த பெண், "இதை லேசா எடுத்துரலாமுங்க, இப்பெல்லாம் வசதி இருக்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "இது அழுக்கில்ல கண்ணு, எங்க சொத்து. கையெடு" என்று சொல்லிவிட்டேன். சிவகுமாருக்கு அது வரவில்லை. அவனுக்கு அவன் அப்பாவின் கண். அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

அது சொத்து இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். பிழைகளை மருமகள் கவிதா திருத்துவாள். பிழையைத்தான் திருத்த வேண்டும், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன கார்த்திகை மாதம், காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கோயமுத்தூரில் கணபதிப் பக்கம். முன்னால் பம்புசெட்டுப் பட்டறை, பின்னால் வீடு. தாடையில் ஒரு வலி பிடித்தது. பல்வலி என்று நினைத்தேன். பிறகு இரண்டு தோள்களுக்கும் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அந்தக் குளிரில் ஜாக்கெட் நனைந்துவிட்டது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தேன். சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி போகவில்லை.

கவிதா வந்து என் கையைத் தொட்டாள்.

"ஏனுங்கத்தை, கை இப்படிச் சில்லுன்னு இருக்குது?"

"வாயு கண்ணு. சித்தெ படுத்தாச் சரியாப் போயிரும்."

"படுக்கறது காருல படுத்துக்கலாம், எந்திரீங்க."

"தலைகூடச் சீவல."

"ஆஸ்பத்திரியில உங்களப் பொண்ணு பாக்க வரலீங்க, வாங்க."

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு வாரம் அவளுடன் பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு எழுந்து போனேன். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள். ட்ரோபோனின் என்று ஒன்று இருக்கிறதாம். இருதயத்தின் தசை அடிபட்டால் அது இரத்தத்தில் கசியும். அது இருந்தால் வாயு இல்லை, மாரடைப்பு என்று அர்த்தம். எனக்கு இருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்தி, இருதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய்களை டி.வி.யில் பார்த்தார்கள். ஒரு குழாய் அடைத்திருந்தது. அங்கே பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி வலையை வைத்து விரித்துவிட்டார்கள். அதுதான் ஸ்டென்ட். நான் விழித்துக்கொண்டேதான் இருந்தேன். வலி பெரிதாக இல்லை. பயம்தான் பெரிதாக இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

ஐ.சி.யூ. என்கிற இடத்தில் பகலும் இராத்திரியும் ஒரே வெளிச்சம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மெஷின் கத்தினால் எனக்குத்தான் கத்துகிறதோ என்று கையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், பேச்சே குறைவு. பார்வையாளர் நேரத்தில் வந்து, கால்மாட்டில் நின்று, போர்வையை இழுத்து என் பாதத்தை மூடிவிட்டுப் போவார். அடுத்த தடவையும் வந்து அதையேதான் செய்வார். சிவகுமார் பில் கட்டுகிற இடத்திலிருந்து வரும்போதெல்லாம் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் என் முன்னால் வருவான். முகம் கழுவினால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

டாக்டரம்மாவுக்கு என் மகனைவிடச் சின்ன வயது. முதல் நாளே கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருக்குதுங்களா அம்மா?"

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் ஒரு சீக்கும் கிடையாதுங்க" என்றேன்.

"அப்பா எப்படி இறந்தாருங்க?"

"தோட்டங்காட்டுல வேலையா இருந்தவரு, உக்காந்தபடியே போயிட்டாருங்க. நல்ல சாவு."

"என்ன வயசுங்க?"

"அம்பது, அம்பத்தொண்ணு இருக்கும்."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே தம்பி. கொப்பரைக் களத்துல வாயு அடைச்சுப் போயிட்டான். நாப்பது தாண்டல."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். டார்ச் லைட்டை எடுத்து என் கண்ணோரத்தில் அடித்தார். பெருவிரலால் அந்த மேட்டைத் தடவினார். பிறகு போர்வையைத் தூக்கி, குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எனக்கு அது கயிறு மாதிரித் தடித்திருக்கும். நடந்து நடந்து காய்த்தது என்று நினைத்திருந்தேன்.

"இந்த மஞ்சள் உங்க தம்பிக்கும் இருந்துதுங்களா?"

"எங்க அப்பனுக்கும் இருந்துதுங்க" என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

வந்த அன்றைக்கே எடுத்த இரத்தத்தில் கொழுப்பும் பார்த்திருந்தார்கள். மாரடைப்பு வந்து நாள் கடந்து பார்த்தால் அந்த அளவு தானாகவே இறங்கிப் பொய் சொல்லுமாம், அதனால் உடனே எடுத்துவிடுவார்களாம். எனக்கு எல்.டி.எல். இருநூற்று அறுபதுக்கு மேல் இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதில் கால் பங்குகூட இருக்கக் கூடாதாம்.

இது எனக்குப் புதிய செய்தி இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் பட்டறை ஆட்களுக்கு இரத்தம் பார்க்க லேப்காரர்களைச் சிவகுமார் வரவழைத்தான். என்னையும் உட்கார வைத்தான். அப்போதும் அதிகம் என்று வந்தது. "என்ற ஒடம்புல கொழுப்பு எங்கிருக்குது? லேத்துல நிக்கற தண்டபாணியோட ரத்தத்தை எம் பேருல எழுதிப்போட்டாங்க" என்று சண்டை போட்டேன். தண்டபாணி நூறு கிலோ இருப்பான். அவனுடையது சுத்தமாக வந்திருந்தது. பிறகு, காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்ததால் அப்படி என்றேன். நான் ஒல்லி. இன்றைக்கும் இடுப்பில் குடம் தூக்குவேன். ஒல்லியான உடம்புக்கு இந்த வியாதி வராது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னதை, எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எண்ணெய் தண்ணீரில் கலக்காது அல்லவா, அதே போல் கொழுப்பு இரத்தத்தில் தானாகப் போகாது. ஒரு வண்டியில் ஏறித்தான் போகும். அந்த வண்டிகளில் ஒன்று எல்.டி.எல். வேலை முடிந்த வண்டியைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குக் கல்லீரலில் வாசல்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் சிலருக்குப் பிறக்கும்போதே அந்த வாசல்களில் பாதி வேலை செய்யாது. உள்ளே போக முடியாத வண்டிகள் இரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, சுமையைக் குழாய்ச் சுவரில் இறக்கிவிடும். மிச்சம் கண்ணோரத்திலும் குதிகால் நரம்பிலும் வந்து தங்கும். நெய் தின்றதாலும் இல்லை, வேலை செய்யாததாலும் இல்லை. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்ததாலும் இல்லை.

"அப்ப இந்த மஞ்சள்…"

"உள்ள குழாய்ல என்ன படிஞ்சிருக்குதோ, அதுதான் வெளியில தெரியுதுங்க அம்மா."

எனக்குச் சட்டென்று தம்பியின் முகம் வந்தது. கொப்பரைக் களத்தில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். நான்தான் சோடா உடைத்துக் கொடுத்தேன். சவமாகக் கிடந்தவனின் கண்ணோரத்தைப் பார்த்து, 'லட்சுமி குடியிருந்த கண்ணு' என்று ஒப்பாரி வைத்ததும் நான்தான்.

டாக்டரம்மா எழுந்திருக்கும்போது சொன்னார். "உங்க பையனுக்கு நாளைக்கே ரத்தம் பாக்கணுங்க. தம்பிக்குக் கொழந்தைங்க இருந்தா அவங்களுக்கும் பாக்கணும். பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குது. இப்பவே தெரிஞ்சா மாத்திரையில நிறுத்திரலாம்."

சிவகுமாருக்குப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. அவனுக்கு அந்த மஞ்சள் வரவில்லை என்று வருஷக்கணக்காகக் குறைப்பட்டவள், ஆஸ்பத்திரித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மாகாளியம்மனைக் கும்பிட்டேன்.

தம்பிக்கு ஒரே மகன், பிரபு. குடியிருப்பது காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில்தான், பெருந்துறையில் கம்பெனி வேலை. முப்பத்து நான்கு வயது. அவனுக்கு இரண்டு கண்ணோரத்திலும் மஞ்சள் உண்டு. குழந்தையாக இருந்தபோது இந்தக் கைகளில்தான் வளர்ந்தான். வயசுப் பையனாகி அது பூத்தபோது, "எங்க அப்பனே வந்து பொறந்திருக்கறாரு" என்று அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தவள் நான்.

அந்தப் பிரபு வீட்டுடன் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அவனுடைய கல்யாணத்தில் வந்த வினை. எங்கள் பக்கத்தில், வீட்டில் பிறந்தவளைக் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டும் என்றால் வீட்டுப் பெரியவர்கள் நேரில் வரவேண்டும். தட்டத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், சேலை வைத்து, கிழக்கே பார்த்து நிற்க வைத்துக் கொடுக்க வேண்டும். பிறந்தவளுக்கு அதுதான் மரியாதை. தம்பி மனைவி சரசு வரவில்லை. பிரபு ஒருவன் மட்டும் பைக்கில் வந்து, பட்டறை கேட்டில் என்னைக் கண்டதும் பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "வந்துருங்கத்தை, இன்னும் பத்து ஊட்டுக்குப் போகோணும்" என்று போய்விட்டான். பொறந்தவளுக்குக் கேட்டில் வைத்துப் பத்திரிகையா? நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு அவன் போன் செய்தாலும் எடுக்கவில்லை. அவனுக்கு இனியா என்று ஒரு மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்பதும் மூன்றாவது ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே தடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா போன பிறகு சிவகுமார் போனைக் கையில் எடுத்தான்.

"பிரபுக்கு நாஞ் சொல்லிர்றேனுங்கம்மா. ரெண்டு நிமிசப் பேச்சு."

"வெச்சுரு போனை."

"இது கல்யாணச் சண்டை இல்லீங்கம்மா. உசுரு விஷயம்."

"அதுனாலதான் சொல்றேன். உங்கப்பன் சாவுக்கு இதுதான் காரணம், உனக்கும் இருக்கும்னு போன்ல சொல்லுவியா? பத்திரிகையைக் கேட்டுல நீட்டுனது தப்புன்னு இத்தனை வருசம் பேசாம இருந்தவ நான். நான் அதையே செய்யறதா? நானே நேருல போறேன்."

"எப்பப் போவீங்க?"

"எந்திரிச்சு நடந்ததும்."

போன் செய்ய மாட்டேன் என்று என் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவனை விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கார்த்திகை முடியப் போகிறது. மாத்திரை பெரிய பொட்டலமாக வந்தது. கொழுப்புக்கு ஒன்று, இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, இன்னும் என்னென்னவோ. கவிதா ஒவ்வொரு அட்டையிலும் சூரியன், நிலா என்று பேனாவில் வரைந்து வைத்தாள். எது காலைக்கு, எது இராத்திரிக்கு என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்பது எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நடக்கத் தெம்பு வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் தானாகப் பேசினார். அதுவே அதிசயம்.

"நாளைக்குக் காங்கேயம் போலாமா ருக்கு?"

"மார்கழியிலயா?"

"ஏன், பஸ்சு ஓடாதா?"

"அறுந்து கெடக்கற ஒறவை மார்கழியில போயா முடியறது? அந்த ஊட்டுல காலெடுத்து வெச்சே வருசக்கணக்காகுது. தை பொறக்கட்டும். பொங்க நோம்பியோட தட்டம் தூக்கிட்டு நாமளே முறையாப் போலாம். அவங்களுக்குத்தான் முறை தெரியல. நாம செஞ்சு காட்டலாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சீர் கொண்டு போறயா, சேதி கொண்டு போறயா?" என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

மார்கழி நடுவில் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். மாத்திரையில் எல்.டி.எல். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும் என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டாக்டரம்மா கேட்டார்.

"தம்பி பையனுக்குப் பாத்தாச்சுங்களா?"

"தை பொறந்ததும் போய்ச் சொல்லிர்றோமுங்க."

"மாரடைப்பு மாசம் பாத்து வராதுங்க அம்மா."

தலையாட்டிவிட்டு வந்தேன். வருகிற வழியில் ஒப்பணக்காரத் தெருவில் இறங்கி, சரசுவுக்கு ஒரு கோயமுத்தூர் காட்டன் சேலை எடுத்தேன். விதவைக்குக் கொடுக்கிற நிறமாகப் பார்த்து, வெளிர் நீலம். தட்டத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். முதலில் கல்யாண விஷயம், அவர்கள் தப்பை ஒத்துக்கொண்ட பிறகு இரத்த விஷயம். இந்த வரிசையில்தான் யோசித்திருந்தேன்.

போகி வருவதற்குள் சிவகுமாருக்குப் போன் வந்தது. பிரபு கம்பெனியில் மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டான். உடன் இருந்தவர்கள் வாயு என்று நினைத்து முதலில் சோடாதான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

தட்டமும் சேலையும் வீட்டிலேயே இருந்தன. கட்டியிருந்த சேலையோடு காரில் ஏறினேன். அவிநாசி, செங்கப்பள்ளி, விஜயமங்கலம். ஒவ்வொரு பாலத்தில் ஏறி இறங்கும்போதும், இந்த ரோட்டில் நாம் எந்த நாளிலும் வந்திருக்கலாமே என்று தோன்றியது. ஒன்றரை மணி நேர வழிதான். சிவகுமார் ஒரு சொல்லால்கூட என்னைக் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெருந்துறை ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ. வாசலில் சரசு உட்கார்ந்திருந்தாள். மகனுடைய சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் கட்டிக் கொடுத்தது. அவன் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க நங்கையா" என்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் நாத்தனாரான என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "காருல வந்தது அலுப்பா இருக்குமே. தண்ணி குடிக்கறீங்களா?"

அந்த இடத்திலும் அவள் வாயில் வந்தது 'வாங்க'தான். கவிதா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சிவகுமார்தான் எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வந்தது, டாக்டரம்மா கண்ணைப் பார்த்தது, தம்பியின் சாவு, மஞ்சள். சரசு கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடியாந்திருப்பானுங்களே நங்கையா. நீங்க பேசாட்டியும் அவன் வருவானுங்க. வந்திருந்தா அந்த டாக்டரம்மா அவங்கண்ணையும் பாத்திருப்பாங்க இல்லீங்களா?"

நான் யோசித்திராதது அது. நான் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தேன். அவன் வந்திருப்பான் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"கேட்டுல பத்திரிகை குடுத்துட்டுப் போனானே சரசு. நீ வரலியே. பொறந்தவளுக்கு…" என்று ஆரம்பித்தேன். அந்த இடத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு சிறுத்துப் போயிருந்தது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சரசு டப்பாவின் மூடியை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நானும் வந்தேனுங்க."

"எங்க வந்தே?"

"உங்க தெரு முக்குல, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அவங்கூடப் பைக்குல வந்தேனுங்க. தட்டம் பையில இருந்துது. தாலி இல்லாதவ கையால தட்டம் நீட்டுனா, சுமங்கலியான உங்களுக்குச் சரிப்படுமோ என்னமோன்னு ரோசனையாப் போச்சுங்க. 'நீ போய்க் குடுத்துட்டு வா கண்ணு, அத்தை கோவிச்சுக்க மாட்டாங்க'ன்னு நாந்தான் அனுப்புனேன். பொம்பளையாளு முக்குல தனியா நிக்கறேனேன்னுதான் அவன் அவசரமாத் திரும்பிட்டானுங்க."

பத்து வீடு பாக்கி இருக்கிறது என்று அவன் சொன்னது பொய். அம்மா முக்கில் நிற்கிறாள் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

அவள் கழுத்தில் தாலி இல்லாமல் போனதும் அந்த மஞ்சளால்தான். அதை நல்லது என்று சொல்லிக் கொடுத்த வீட்டில் பிறந்தவள் நான். அவள் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு, ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்காமல் இருந்தவளும் நான்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிரபு பிழைத்துக்கொண்டான். அதைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களைத் தவிக்க வைக்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரவே நேரம் தாண்டிவிட்டது. இருதயத்தில் ஒரு பக்கத்துத் தசை செத்துப்போய்விட்டது. எக்கோ என்று ஒரு ஸ்கேன் எடுத்து, இரத்தத்தைத் தள்ளுகிற வலு குறைந்துவிட்டது என்றார்கள். செத்த தசை திரும்ப வராதாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மெஷின் வேலை இனிமேல் கிடையாது. கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கொடுக்கலாம் என்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை. அவனுக்கு எல்.டி.எல். என்னைவிட அதிகம் இருந்தது.

வார்டுக்கு மாற்றிய அன்று போய்ப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தான். கண்ணோரத்து மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது. அவன் சிரித்தான்.

"அத்தை, நம்ம அப்பாரு சொத்துல பெரிய பங்கு எனக்குத்தான் வந்திருக்குதுங்க போல. சிவா மச்சானுக்கு ஒண்ணுமே விடல." எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றால் தாத்தா.

"வாயை மூடு சாமி. மூச்சு வாங்குது."

"கேஸ் போட்டுப் பங்கு கேக்கச் சொல்லுங்க, பாதி எழுதிக் குடுத்தர்றேன்."

கவிதா சிரித்துவிட்டாள். சரசுவும் சிரித்தாள். எனக்கு மட்டும் வரவில்லை. நான் கார்த்திகையில் ஒரு போனுக்குத் தலையாட்டியிருந்தால், இவன் ஒரு மாத்திரையோடு இன்னும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். டாக்டர்களைக் கேட்டால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். என் மனதுக்காகச் சொல்கிறார்கள்.

பொங்கல் வந்தது, போனது. சீர் என்று யாரும் யாருக்கும் கொண்டு போகவில்லை. வெளிர் நீலச் சேலையைச் சரசுவிடம் பையோடு கொடுத்தேன். தட்டம் வைக்கவில்லை. அவள் அங்கேயே பிரித்துப் பார்த்து, "நெறம் நல்லா இருக்குதுங்க" என்றாள்.

தை மாதத்தில் ஒரு நாள், இனியாவுக்கு இரத்தம் பார்க்கக் கோயமுத்தூருக்கே வரச் சொன்னேன். அதே டாக்டரம்மா, அதே லேப். பிரபுவால் இவ்வளவு தூரம் பயணம் வர முடியாது, அவன் மனைவி அவனுடன் இருந்தாள். சரசு குழந்தையைக் கூட்டி வந்தாள். குழந்தைக்குக் கண்ணோரத்தில் ஒன்றும் இல்லை. இந்த வயதில் வெளியில் தெரியாது, இரத்தத்தில்தான் தெரியும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

இனியா என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அப்பா மாதிரி மஞ்சள் இருக்குது."

"ஆமா சாமி."

"எனக்கும் வருமா?"

என் அம்மா இருந்திருந்தால், 'வரும் கண்ணு, நீ லட்சுமி' என்று சொல்லியிருப்பாள். போன வருஷம் வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வராமப் பாத்துக்கலாம்" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஊசி குத்துகிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சரசுவிடம் கேட்டாள்.

"குடும்பத்துல யாருக்காவது கொலஸ்ட்ரால், மாரடைப்பு இருக்குதுங்களா?"

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிற பார்வை. பெண் குழந்தை, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயமும் அதில் இருந்தது. வெளியில் வேறு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள்கூட இருந்திருக்கலாம்.

நான் எழுந்து நின்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"எங்கப்பன், அம்பது வயசு. அவருக்கும் மாரடைப்புத்தான். என்ற தம்பி பழனிசாமி, இந்தப் புள்ளையோட அப்பாரு, நாப்பதுக்குள்ள. அப்புறம் நான். இப்ப இவங்கப்பன் பிரபு, முப்பத்து நாலு. எல்லாத்தையும் எழுதிக்குங்க அம்மணி."

அந்தப் பெண் தட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க கொழந்தைக்கு யாருங்க?"

"அப்பனைப் பெத்த வீட்டுல பொறந்தவ" என்றேன்.

இனியா கையை நீட்டினாள். முகத்தை என் இடுப்பில் புதைத்துக்கொண்டாள். இரத்தம் சிவப்பாக அந்தச் சின்னக் குழாயில் ஏறியது. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.